எட்டாவது நிமிடத்தில் கிடைக்கும் செல்போன்

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 31 வயது. ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். மகனுக்கு 3 வயது 8 மாதம். மகள் 5 மாதக் கைக்குழந்தை. மாமனார், மாமியாரோடு ஒரே வீடு. கணவர் கடையை அடைத்துவிட்டு வீடு சேர இரவு ஒன்பதரை ஆகிவிடும்.

நாலைந்து மாதமாக மகன் ஆளே மாறிவிட்டானாம். போனை வாங்கி வைத்தால் தரையில் விழுந்து புரள்கிறான், கைக்குக் கிடைத்ததை எறிகிறான், அப்பத்தாவை அடிக்கிறான், எச்சில் துப்புகிறான். தங்கையை ஒருமுறை கிள்ளிவிட்டான். ஆரம்பித்தால் ஏழெட்டு நிமிடம் வீடே அதிரும். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று கடைசியில் மாமியாரோ மாமனாரோ போனைக் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் அழுதுகொண்டிருந்தவன் மூச்சை அடக்கி, உதடு நீலம் பூத்து, சில நொடி துவண்டு போனான். மாமியார் முகத்தில் தண்ணீர் அடித்து, கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அன்று இரவு முழுக்க அவன் கேட்டதெல்லாம் கிடைத்தது. அதற்கு முந்தின வாரம், பொறுமை இழந்து வாசகியே தோசைக்கரண்டியால் அடித்ததில் மகனின் தொடையில் தழும்பு. ப்ளே ஸ்கூலில் விசாரித்தால், "உங்க பையனா? ரொம்ப சமத்தாச்சே" என்கிறார்கள்.

மாமியார் கண்ணு பட்டுவிட்டது, மந்திரித்துத் தாயத்து கட்டவேண்டும் என்கிறார். நாத்தனார் 'ஏடிஹெச்டி-யா (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கும்' என்கிறார். "இது மனநோயா, என் வளர்ப்புக் கோளாறா? அடிக்காமல் இவனை எப்படித் திருத்துவது? தனிக்குடித்தனம் போனால் சரியாகுமா?" என்பவை வாசகியின் கேள்விகள். போகிற போக்கில் இன்னும் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு இறங்காததால் மகனுக்குத் தினம் நாலு டம்ளர் பால், அப்பா வந்து விளையாடிய பிறகு பதினொரு மணிக்குத்தான் தூக்கம், காலை ஏழுக்கு எழுப்புகிறார்கள், பகலில் தூங்குவதில்லை, "சில நாள் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதுவிடுகிறேன்."

அன்புச் சகோதரி,

நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, கேட்காமல் எழுதிப்போன அந்தப் பால் கணக்கும் தூக்கக் கணக்கும்தான் என்னை முதலில் பிடித்து நிறுத்தின. உங்கள் மகனின் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவன் குணத்துக்குப் போவதற்கு முன் பால் டம்ளரையும், சுவர்க் கடிகாரத்தையும், போன் அவன் கைக்கு வரும் அந்த எட்டாவது நிமிடத்தையும் பார்க்கச் சொல்கிறேன். அதற்கும் முன்னால், உங்களைப் பயமுறுத்திய அந்த நீல உதடு.

அழுது தம் கட்டுவது

'மூச்சை அடக்கினான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அடக்கவில்லை. வீறிட்டு அழும்போது மூச்சு முழுக்க வெளியேறி, அடுத்த மூச்சை உள்ளிழுப்பது தானாகவே சில நொடி தடைப்படுகிறது. சத்தம் நின்றுபோகும், வாய் திறந்தபடி இருக்கும், உதடு நீலமாகும், உடம்பு துவளும். சிலருக்கு ஒன்றிரண்டு வெட்டு வெட்டி இழுக்கவும் செய்யும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பிவிடும். 6 மாதத்திலிருந்து 6 வயதுக்குள் வரக்கூடியது; பள்ளி வயதில் தானாக நின்றுவிடும். மூளையைப் பாதிக்காது. வேண்டுமென்றே செய்கிற நாடகமும் கிடையாது, அதனால் 'நடிக்காதே' என்று அதட்டிப் பயனில்லை.

மறுபடி வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிக்கும்படி பக்கத்தில் எதுவும் இருக்கக் கூடாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என எண்ணுங்கள்; அந்தப் பயத்தில் பத்து நொடிகூடப் பத்து நிமிடமாகத் தெரியும், எண்ணினால்தான் டாக்டரிடம் சரியாகச் சொல்ல முடியும். முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம், மூச்சு திரும்பும் நேரத்தில் அது உள்ளே போய்ப் புரையேறும். வாய்க்குள் கரண்டியோ விரலோ விடக் கூடாது. பிடித்து உலுக்கவும் கூடாது. சாவிக்கொத்து கெடுதல் செய்யாது, ஆனால் உதவியும் இல்லை. மூச்சு தானே திரும்பும் நேரமும் சாவி கைக்கு வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், அந்தப் பேர் காலங்காலமாகச் சாவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வராவிட்டால் 108.

முதல் முறை வந்திருப்பதால் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் தம் கட்டும் குழந்தைகள் பலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கிறது. அதைச் சரிசெய்தால் தம் கட்டுவது குறைகிறது. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதத்துக்கு மேல், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே உங்கள் மகனுக்கும் இருந்தால் ஆச்சரியமில்லை. அழாமலே, ஓடும்போதோ திடுக்கிட்டோ மயங்கினாலும், முகம் நீலமாகாமல் வெளுத்துப் போனாலும், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: தம் கட்டி முடிந்த பிறகு அணைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். எதற்காக அழுதானோ அதைக் கொடுக்காதீர்கள். அன்று இரவு நடந்தது அதுதான்.

நாலு டம்ளர் பாலும் எட்டு மணி நேரத் தூக்கமும்

வீட்டு டம்ளர் 200 மில்லி என்று வைத்தாலும் 800 மில்லி ஆகிறது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் பால் தடுக்கும். வயிறும் பாலிலேயே நிறைந்துவிடும். 'சாப்பிட மாட்டேங்கிறான், அதனால் பால்' என்பது உங்கள் கணக்கு. அவன் வயிற்றுக் கணக்கோ 'பால் குடித்துவிட்டேன், அதனால் சாப்பாடு வேண்டாம்.' ஒரு நாளைக்கு 400 மில்லி போதும், காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். சாப்பாட்டுக்கு முந்தின ஒன்றரை மணி நேரம் பால் கிடையாது. இரண்டு டம்ளரை ஒரே நாளில் நிறுத்தினால் அதற்கே ஒரு ரகளை நடக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை, நிறுத்தப்போகும் அந்த இரண்டு டம்ளரிலும் கால் கால் டம்ளராகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை, முருங்கைக்கீரை போட்ட அடை, கம்பு, சுண்டல், அசைவம் உண்டென்றால் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஈரல். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இரும்பு சிரப் வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார், கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். இரும்பு மருந்து அளவு மீறினால் குழந்தைக்கு ஆபத்து. பாட்டிலையும் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி தூக்கம். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். உங்கள் மகனுக்குக் கிடைப்பது 8. தினமும் குறைந்தது இரண்டு மணி நேரக் கடன். தூக்கம் போதாத குழந்தை பெரியவர்களைப்போல் கொட்டாவி விட்டுச் சோர்ந்து உட்காராது. துள்ளும், எதற்கெடுத்தாலும் வெடிக்கும். நாத்தனாருக்கு ஏடிஹெச்டி மாதிரித் தெரிவதில் பாதி இதுவாகவே இருக்கலாம்.

கணவருக்கு மகனோடு கிடைப்பதே அந்த ஒன்றரை மணி நேரம்தான், அதைப் பறிக்கச் சொல்ல எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இடம் மாற்றத்தான் வேண்டும். மகன் ஒன்பது மணிக்குத் தூங்கினால் காலை ஏழுக்குள் தானே எழுவான். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, ப்ளே ஸ்கூலில் விடுவது இந்த மூன்றையும் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு ஒரே தாவலாகப் போக முடியாது. மூன்று நாளைக்கு 15 நிமிடம் என்று முன்னால் கொண்டுவந்தால் மூன்றரை வாரத்தில் வந்துவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு போனும் டிவியும் கிடையாது. போன் குறைப்பதை இந்த இடத்தில் தொடங்குவதுதான் எளிது, ஒரே வேலையில் இரண்டும் நடக்கும். குறட்டை விட்டால், வாய் வழியாக மூச்சு விட்டால், இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையின் வீக்கமும் குடல் புழுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

எட்டாவது நிமிடம்

மாலை ஆறே கால். போனை வாங்குகிறீர்கள். முதல் நிமிடம் கத்தல். இரண்டாவதில் தரையில் விழுகிறான். நாலாவதில் ரிமோட் பறக்கிறது. ஆறாவதில் மாமியார் அடுப்படியிலிருந்து வந்து "குடுத்துத் தொலையேன்" என்கிறார். எட்டாவதில் போன் அவன் கையில்.

திருப்பூரில் இருக்கிறீர்கள், முடித்த வேலையின் அளவுக்குக் கூலி தரும் பீஸ் ரேட் உங்களுக்குத் தெரியும். எட்டு நிமிடம் வேலை செய்தால் கூலி கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் திட்டமோ வஞ்சகமோ இல்லை. அழுகை தொடங்குவது வயதினால். ஆத்திரத்தை அடக்கும் மூளைப் பகுதி முழுசாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். ஆனால் அழுகை எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில் வீட்டுக்குப் பெரிய பங்குண்டு. மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் ரகளைகளை நிமிடக் கணக்கில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். நான்கில் மூன்று ரகளைகள் 5 நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. யாரும் எதுவும் கொடுக்காவிட்டாலும் புயல் ஓயத்தான் செய்யும். உங்கள் வீட்டில் ஓயப்போகும் நேரம் பார்த்துப் போன் வந்துவிடுகிறது.

பள்ளியில் சமத்து, வீட்டில் ரகளை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பள்ளியில் எட்டாவது நிமிடத்தில் எதுவும் கிடைப்பதில்லை. நாளெல்லாம் அங்கே அடக்கிவைத்ததை அம்மாவிடம் வந்து கொட்டுவதும் உண்டு. உங்களிடம் கொட்டினால் நீங்கள் விட்டுப் போய்விட மாட்டீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இதை மாற்றப் போகும்போது எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கூலி நின்ற முதல் சில நாட்களில் ரகளை குறையாது, கூடும். எட்டு நிமிடம் பதினெட்டாகும், புதிதாக ஏதாவது எறிவான், புதிதாக ஒரு கெட்ட வார்த்தை வரும். 'இது இவனிடம் பலிக்காது' என்று பெற்றோர் கைவிடுவதும் அப்போதுதான். பதினெட்டாவது நிமிடத்தில் போனைக் கொடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பினோம் என்று ஆறுதல் பட முடியாது. இனி பதினெட்டு நிமிடம்தான் ரேட். சில நாள் கொடுத்து, சில நாள் மறுத்தால் இன்னும் மோசம். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் விடாமல் வாங்குவது தினமும் பரிசு விழுவதால் இல்லையே.

ஆகவே எதற்கெல்லாம் மறுப்பது என்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு இரண்டே சட்டம் போதும்: போன் நேரம் முடிந்தால் முடிந்தது, யாரையும் அடிக்கக் கூடாது. சிவப்புச் சட்டைதான் வேண்டுமா, போட்டுக்கொள்ளட்டும். இட்லிக்குச் சர்க்கரையா, இருக்கட்டும். கொடுப்பதாக இருந்தால் முதல் முறை கேட்கும்போதே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுங்கள். அழுத பிறகு கொடுப்பதுதான் அழக் கற்றுக்கொடுக்கிறது.

போன் எவ்வளவு நேரம்? இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம். '10 நிமிஷம்தான்' என்பது மூன்றரை வயதுக்குப் புரியாது. 'ரெண்டு பாட்டு' புரியும். அடுத்தடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியைப் போனின் செட்டிங்ஸில் போய் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் பாட்டு முடிவதே இல்லை, நடுவில் பிடுங்குவதாகத்தான் அவனுக்குப் படும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அணைக்கும் பொத்தானை அவனே அழுத்தட்டும், போனை அவனே கொண்டுபோய் அலமாரியில் வைக்கட்டும். வைத்த அந்த நொடியில், "சொன்ன உடனே நீயே அணைச்சிட்டே" என்று என்ன செய்தானோ அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். வெறும் 'சமத்து' என்றால் எதற்குச் சமத்து என்று அவனுக்குத் தெரியாது.

ரகளை நடக்கும்போது

உடையக்கூடியதை, எறியக்கூடியதை அப்புறப்படுத்துங்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்புங்கள். மூன்று நாலு அடி தள்ளி நீங்களும் தரையில் உட்காருங்கள். ஒரே ஒரு முறை, மெதுவான குரலில்: "போன் முடிஞ்சது. உனக்குக் கோவமா இருக்கு. அம்மா இங்கயேதான் இருக்கேன் சாமி." அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கண் கெட்டுப்போகும், நல்ல பிள்ளை இப்படிச் செய்யுமா போன்ற விளக்கங்கள் எதுவும் அந்த நேரத்தில் காதில் ஏறாது. ஒவ்வொரு விளக்கமும் பேரம் இன்னும் முடியவில்லை என்றுதான் அவனுக்குச் சொல்லும்.

காதைத் தீட்டிக்கொண்டு ஒன்றுக்காகக் காத்திருங்கள். வீறிடலில் இருக்கும் முறுக்கு தளர்ந்து, ஒரு கட்டத்தில் அது விம்மலாக மாறும். ஆத்திரம் இறங்கி வருத்தம் மட்டும் மிஞ்சும் நேரம் அது. முன்னாடியே கிட்டப் போனால் உதைப்பான். விம்மல் வந்தபிறகும் தள்ளியே இருந்தால், கைவிட்டுவிட்டதாக நினைப்பான். அப்போது கையை நீட்டுங்கள், வந்தால் மடியில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு வாய் தண்ணீர். அறிவுரை வேண்டாம். போனும் கிடையாது. பத்து நிமிடம் கழித்து வேறு விளையாட்டு.

கடைத்தெருவுக்கு இது பொருந்தாது, அங்கே தரையில் உட்கார முடியாது. படி ஏறுவதற்கு முன்பே குனிந்து அவன் கண்ணைப் பார்த்து, "இன்னைக்குப் பாலும் கொத்தமல்லியும்தான்" என்று சொல்லிவிடுங்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள், கொத்தமல்லிக் கட்டு அவனுடையது. விழுந்து புரண்டால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், பால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது முக்கியம். நல்ல மனதோடுதான் செய்வார், ஆனால் "பரவால்லம்மா, காசு அப்புறம் குடுங்க" என்று அவர் நீட்டும் கிண்டர் ஜாய் உங்கள் ஒரு வார உழைப்பைக் கெடுத்துவிடும்.

அடி

தோசைக்கரண்டியைப் பற்றி எழுதிய வரியில் உங்கள் கை நடுங்கியிருக்கிறது, அதனால் உங்களைக் குத்திக்காட்ட வரவில்லை. அடித்ததும் சத்தம் நிற்கிறது பாருங்கள், அங்கேதான் சிக்கல். நின்றுவிடுவதால் 'பலித்தது' என்று நமக்குத் தோன்றுகிறது, அடுத்த முறை கை தானே நீள்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக. இங்கே எட்டாவது நிமிடக் கூலி வாங்கிக்கொள்வது நாம். அவன் கற்றுக்கொள்வதோ, கோபம் வந்தால் பெரியவர்கள் கை ஓங்குவார்கள் என்பதை. அதைத்தான் அப்பத்தாவிடம் செய்து பார்க்கிறான். கரண்டியால் இனி ஒருபோதும் வேண்டாம். கை துறுதுறுக்கும்போது மாமனாரிடம் "மாமா, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் மொட்டை மாடிக்குப் போய்வருவது தோல்வியாகாது. அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள். "அம்மா அடிச்சது தப்பு" என்ற மூன்று வார்த்தை போதும், சமாதானத்துக்குப் போன் கொடுக்காதீர்கள்.

அவன் அடித்தால் கையைப் பிடித்து, "அடிக்கக் கூடாது" என்று இரண்டே சொல். அறையின் ஓரத்தில், உங்கள் கண்ணில் படும்படி ஒரு பாயில் மூன்று நிமிடம் உட்கார வையுங்கள், வயதுக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. கதவைச் சாத்துவதோ, இருட்டறையோ, பாத்ரூமோ வேண்டவே வேண்டாம். மூன்று நிமிடம் முடிந்தால் விஷயம் முடிந்தது, மறுபடி கிளறக் கூடாது. துப்புவதற்கு மட்டும் இது எதுவும் தேவையில்லை. முதல் முறை துப்பியபோது யாரோ சிரித்திருப்பார்கள். முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் துணியைக் கொடுத்து, "தொடைச்சிடு" என்றால் ஒரு வாரத்தில் சுவாரசியம் போய்விடும்.

பூச்சாண்டி, போலீஸ், 'ஊசி போடுற டாக்டர்' என்ற பயமுறுத்தலையும் நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்தில் தொலைந்துபோனால் அவன் ஓடவேண்டியது போலீஸிடம்தான். ஐந்து வயதில் முத்தடுப்பு பூஸ்டர் ஊசி இருக்கிறது, அன்று அவதிப்படப்போவது நீங்கள்தான்.

தங்கையும் அவனும்

மாற்றம் நாலைந்து மாதமாக என்கிறீர்கள். மகளுக்கு 5 மாதம். நீங்கள் இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தினமும் 10 நிமிடம் அவனுக்கு மட்டும் ஒதுக்குங்கள். குழந்தை மாமியாரிடம், போன் வேறு அறையில். என்ன விளையாட்டு என்பதை அவன் சொல்லட்டும். 'இது என்ன கலர்?' என்று பாடம் நடத்தாமல், கிரிக்கெட் வர்ணனை மாதிரி அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டிருங்கள்: "லாரி வருது, பாலத்து மேல ஏறுது." ரகளை நடந்த நாளிலும் இதை நிறுத்தக் கூடாது. தண்டனையாகப் பறிக்கும் பொருளாக்கினால் இதன் பலனே போய்விடும். 'பாப்பா தூங்குறா, சத்தம் போடாதே' என்பதையே நாள் முழுக்கச் சொல்லாமல் ஒரு நாளாவது அவன் காது கேட்க, "பாப்பா, கொஞ்சம் இரு, அண்ணனுக்குச் சோறு போட்டுட்டு வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம். அவன் கெட்டவனென்று சொல்லவில்லை, 3 வயதுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது.

மாமியார், தனிக்குடித்தனம், தாயத்து

அடுத்த மாதம் நீங்கள் வேலைக்குப் போன பிறகு இரண்டு குழந்தைகளையும் பார்க்கப்போவது உங்கள் மாமியார்தான். முட்டி வலியோடு ஒரு கையில் குழந்தையும் ஒரு பக்கம் ரகளையுமாக நிற்கும் ஒருவருக்குப் போனைக் கொடுப்பதுதான் கைக்கு எட்டும் மருந்து, அதைச் செல்லம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஆகவே 'போன் கொடுக்காதீங்க' என்று மட்டும் சொன்னால் நடக்காது, பதிலுக்கு வேறொன்று கையில் கொடுக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு மாமனார் மகனைப் பூங்காவுக்கோ கோயில் வாசலுக்கோ முக்கால் மணி நேரம் அழைத்துப் போகட்டும். ரகளை ஆறே காலுக்கு நடப்பதில் பசிக்கும் பங்குண்டு, திரும்பியதும் சுண்டல். பேச்சை ஆரம்பிக்க வேண்டியது உங்கள் கணவர். அவர் அம்மாவிடம் அவர் சொன்னால் அது வேண்டுகோள், நீங்கள் சொன்னால் புகார். இரண்டு சட்டத்தையும் நால்வரும் ஒப்புக்கொண்டால் போதும், மூன்றாவதைப் பற்றி இப்போது பேசாதீர்கள். மாமியார் தன் சமையலறையில் முறுக்குக் கொடுத்தால் கொடுத்துக்கொள்ளட்டும்.

தனிக்குடித்தனம் போவதும் போகாததும் உங்கள் இருவரின் உரிமை. அதை நான் தடுக்கவில்லை. ஆனால் தங்கை வந்தது, அம்மா வேலைக்குப் போவது, இவற்றோடு வீடு மாறுவதும் அப்பத்தா அப்பாரு இல்லாமல் போவதும் சேர்ந்தால் ரகளை கூடத்தான் செய்யும். ஆறு மாதம் கழித்து, ரகளையைக் காரணமாகக் காட்டாமல், வேறு காரணங்களுக்காக யோசியுங்கள்.

தாயத்து கட்டினால் கட்டட்டும், இதற்காக ஒரு சண்டை தேவையில்லை. ஆனால் கழுத்தில் கயிறு வேண்டாம், ஓடியாடும்போது எங்காவது மாட்டி இறுக்கும். ரத்தப் பரிசோதனை அதற்கு முந்தின நாளே நடந்திருக்க வேண்டும்.

எப்போது நிபுணரிடம்

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால் மனநோய் என்று சொல்ல எதுவும் இல்லை. ஏடிஹெச்டி வீட்டில் மட்டும் வந்து பள்ளியில் காணாமல் போகாது. பெரியவர்களை ஓயாமல் எதிர்த்து நிற்கும் 'எதிர்ப்பு நடத்தைக் கோளாறு' என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லவும் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்களில், பல அறிகுறிகள் சேர்ந்து தென்பட வேண்டும். தங்கை பிறந்து ஐந்து மாதம் ஆன வீட்டில் அந்தப் பெயரைச் சூட்ட நான் அவசரப்பட மாட்டேன்.

ஆனால் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்: ரகளை அடிக்கடி 25 நிமிடம் தாண்டுகிறது, தலையைச் சுவரில் மோதுகிறான், தன்னையே கடிக்கிறான், பல நாட்கள் தினமும் ஐந்து முறைக்கு மேல் நடக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசிய வார்த்தைகள் குறைகின்றன, மூன்று நாலு சொல் கோத்துப் பேசவில்லை, ப்ளே ஸ்கூலிலும் இதேபோல் நடக்கத் தொடங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். எங்கே என்று 104-இல் கேட்கலாம்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுவதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், நான் தாண்ட மாட்டேன். பிரசவமாகி ஐந்து மாதத்தில், இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அழுகை, எதிலும் விருப்பமின்மை, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராதது இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவம் இருக்கிறது, பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மாமியாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது

இந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி ஒவ்வொரு ரகளைக்கும் நாலு விவரம் மட்டும் எழுதுங்கள்: மணி, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நிமிடம், கடைசியில் என்ன கிடைத்தது. யார் கொடுத்தார் என்ற கட்டம் வேண்டாம், அது வீட்டுச் சண்டைக்கு வழி. ஏழு நாள் தாளைப் பார்த்தாலே பசியா, தூக்கமா, போனா என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குங்கள், கணவர் வீட்டில் இருப்பார். இரண்டு சட்டத்தையும் காலையில் மகன் வயிறு நிறைந்திருக்கும்போது அவரே சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "ஒரு வாரம் சத்தம் வரும், மன்னிச்சுக்கோங்க" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எட்டாவது நிமிடத்தில் உங்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் அந்தக் கூச்சம்தான். நடுவில் காய்ச்சலோ, வெளியூர்க் கல்யாணமோ வந்தால் நிறுத்திவிட்டு உடம்பு தேறியதும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கலாம். மூன்று வாரம் கழித்து அந்தத் தாள்களையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் இணைத்து எனக்கு எழுதுங்கள்.